மான்செஸ்டர் பேபி முதல் அட்லஸ் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி வரலாறு பற்றிப் பேச்சு வந்தாலே எனிக்மா, டூரிங், எனியாக் என்று மூன்று பெயர்களோடு முடிந்துவிடும். நடுவில் மான்செஸ்டர் என்று வாயைத் திறந்தால் கேள்விகள் வரிசையாக வரும், அதுவும் பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்போம் என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை கடைசியில்.

அது என்னங்க மான்செஸ்டர் பேபி? ஒரே மூச்சில சொல்லுங்க.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கட்டிய ஒரு சோதனைக் கணினி. தரவு இருக்கும் அதே மின்னணு நினைவகத்தில் நிரலையும் வைத்து ஓட்டிக் காட்டிய முதல் இயந்திரம் இதுதான். 1948 ஜூன் 21 அன்று அதில் முதல் நிரல் ஓடியது. கட்டியவர்கள் ஃப்ரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் என்ற மூன்று பொறியாளர்கள். அதிகாரப்பூர்வப் பெயர் 'சிறு அளவிலான சோதனை இயந்திரம்', பேபி என்பது செல்லப்பெயர்.

பெயரைப் பார்த்துக் கையடக்கமாக நினைத்துவிடாதீர்கள். 17 அடி நீளம், ஏழடிக்கு மேல் உயரம், கிட்டத்தட்ட ஒரு டன் எடை, 550 வால்வுகள் (மின்சுற்றில் சுவிட்சாக வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்கள்), மூன்றரை கிலோவாட் மின்சாரம்.

இவ்வளவு பெரிசுல மெமரி எவ்வளவு?

1,024 பிட். 32 வரி, வரிக்கு 32 பிட். இன்றைய கணக்கில் 128 பைட். தமிழ் யூனிகோடில் ஓர் உயிர்மெய் எழுத்துக்கே ஆறு பைட் வரை போய்விடும் என்பதால் ஒரு சாதாரண வாட்ஸ்அப் வாக்கியம்கூட அதில் கொள்ளாது. நிரல், எண்கள், விடை எல்லாமே இந்த 32 வரிக்குள்தான் அடங்க வேண்டும்.

1946-லேயே எனியாக் வந்துடுச்சே, அப்புறம் இது எப்படி முதல்?

எனியாக் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்ட கணினி, 1946 பிப்ரவரியில் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. வேகத்தில் அசுரன், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் கம்பிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். கணக்கு நொடியில் முடியும், அதற்குத் தயார்படுத்த நாள்கணக்கில் ஆகும்.

நிரலையும் எண்களைப் போலவே நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்ற யோசனை எனியாக் குழுவிலேயே பிறந்துவிட்டது. 1945-இல் கணிதவியலாளர் ஃபான் நாய்மன் பெயரில் வந்த அறிக்கை அதை எழுத்தில் வைத்தது, பிரிட்டிஷ் கணிதவியலாளர் டூரிங்கும் அதே ஆண்டில் தன் திட்டத்தை எழுதினார். ஆக, 1946 வாக்கில் என்ன கட்ட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் வேகமாக எழுதவும் படிக்கவும் அழிக்கவும் கூடிய, கட்டுப்படியாகும் நினைவகம் யாரிடமும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான். (எனியாக் பற்றிய இன்னொரு வில்லங்கம் கீழே கடைசியில் வருகிறது.)

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் இருக்க, ஏன் மான்செஸ்டர்?

பாதி திட்டம், பாதி தற்செயல். வில்லியம்ஸ் போர்க்காலத்தில் மால்வெர்னில் இருந்த ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், மின்சுற்று வடிவமைப்பில் சூரர். போர் முடிந்தபின் அமெரிக்கா போனபோது, ராடார் எதிரொலிகளை பிக்சர் டியூபில் சேமித்து வைக்க அங்கே நடந்த முயற்சிகளைப் பார்த்தார். திரும்பி வந்து 1946 கடைசியில் ஒரே ஒரு பிட்டை டியூபில் நிலைக்க வைத்தும் காட்டினார். அந்தச் சமயத்தில்தான் மான்செஸ்டரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆராய்ச்சியையும் கில்பர்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதே பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் நியூமன் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். போர்க்காலத்தில் பிரிட்டனின் ரகசியக் குறியீடு உடைக்கும் மையமாக இருந்த பிளெட்ச்லி பார்க்கில் கொலோசஸ் இயந்திரங்களை வைத்து ஜெர்மானியச் செய்திகளை உடைத்த பிரிவின் தலைவர் அவர். கணினி ஆய்வகம் அமைக்க 1946-இலேயே ராயல் சொசைட்டியிடம் பணம் வாங்கி வைத்திருந்தார். வில்லியம்ஸ் பிற்காலத்தில் இதைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்கும்: தனக்கும் கில்பர்னுக்கும் சுற்றுகள் தெரியும், கணினி தெரியாது, நியூமனுக்கும் டூரிங்குக்கும் கணினி தெரியும், மின்னணுவியல் தெரியாது, எண்கள் முகவரி உள்ள வீடுகளில் குடியிருக்கலாம் என்று அவர்கள்தான் கையைப் பிடித்து விளக்கினார்கள் என்பார்.

பிக்சர் டியூப்ல போய் எப்படிங்க மெமரி? டிவி டியூப்தானே அது?

பழைய டிவியில் இருந்த அதே வகைதான். உள்ளே எலக்ட்ரான் கற்றை திரையில் ஓர் இடத்தில் மோதும்போது ஒளி மட்டும் வருவதில்லை. மோதிய இடத்திலிருந்து, வந்ததைவிட அதிகமான எலக்ட்ரான்கள் தெறித்து வெளியேறும், அந்த இடத்தில் நேர் மின்னூட்டமுள்ள ஒரு குழி உண்டாகும். பக்கத்திலேயே கற்றையைச் சற்று நகர்த்தினால், அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் முதல் குழியை நிரப்பிவிடும். ஆக, புள்ளியாக விட்டால் குழி இருக்கும், கோடாக இழுத்தால் குழி நிரம்பும். ஒன்று 0, மற்றொன்று 1.

படிப்பது எப்படி? திரையின் வெளிப்பக்கத்தில் ஓர் உலோகத் தகட்டை ஒட்ட வைப்பார்கள். கற்றை மறுபடி அதே இடத்தைத் தொடும்போது குழி இருந்தால் ஒரு மாதிரித் துடிப்பு, இல்லாவிட்டால் வேறு மாதிரி, தகட்டில் தெரியும்.

சிக்கல் என்னவென்றால் இந்த மின்னூட்டம் ஒரு வினாடிகூட நிற்காது, கசிந்துவிடும். படித்தாலும் கலைந்துவிடும். வில்லியம்ஸின் தீர்வு: படித்ததும் உடனே அதே இடத்தில் திருப்பி எழுது, ஓய்வு நேரத்தில் எல்லா வரிகளையும் சுற்றிச் சுற்றிப் படித்துத் திருப்பி எழுதிக்கொண்டே இரு. 1947 கடைசிக்குள் கில்பர்ன் ஒரே டியூபில் 2,048 பிட்டை மணிக்கணக்கில் காப்பாற்றிக் காட்டினார். இன்று உங்கள் போனில் இருக்கும் ரேமும் இதே மாதிரி ஓயாமல் புதுப்பித்துக்கொண்டேதான் உயிர் வாழ்கிறது. பொருள் மாறிவிட்டது, தந்திரம் மாறவில்லை.

அந்தக் காலத்துல பாதரச மெமரின்னு ஒண்ணு இருந்துச்சாமே, அது நல்லா இல்லையா?

நன்றாகவே வேலை செய்தது. பாதரசம் நிரப்பிய குழாயில் ஒலித்துடிப்புகளைச் சுற்றவிட்டு நினைவில் வைப்பார்கள். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டி 1949 மே மாதம் ஓடிய எட்சாக் கணினி அதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் வேண்டிய எண் குழாயின் மறுமுனைக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். டியூபில் அந்தப் பிரச்சினை இல்லை, எந்த வரி வேண்டுமோ கற்றையை நேரே அங்கே திருப்பலாம். அமெரிக்காவில் ஐபிஎம் 701-உம், பிரின்ஸ்டனில் ஃபான் நாய்மன் குழு கட்டிய இயந்திரமும் வில்லியம்ஸ் டியூப்களைத்தான் நம்பின.

அப்போ பேபியைக் கட்டினதே மெமரியை டெஸ்ட் பண்ணத்தானா?

ஆமாம், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு டியூப் 2,048 பிட்டைச் சும்மா மணிக்கணக்கில் வைத்திருக்கிறது என்பது சரி. ஒரு கணினி கேட்கும் வேகத்தில் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை எழுதி, படித்து, மாற்றும்போதும் பிழையில்லாமல் தாங்குமா? அதைச் சோதிக்க ஒரு கணினியே வேண்டும். சரி, முடிந்தவரை சின்னதாக ஒன்றைக் கட்டிவிடுவோம் என்று கட்டியதுதான் பேபி.

அதனால்தான் அதில் இத்தனை குறைச்சல். மொத்தம் ஏழே கட்டளைகள். ஒரு டியூப் நினைவகம், ஒரு டியூப் கணக்குப் பார்க்க, ஒரு டியூப் இப்போது ஓடும் கட்டளையையும் அதன் முகவரியையும் வைத்துக்கொள்ள. இந்த மூன்றின் முகத்தையும் உலோகத் தகடு மறைத்திருக்கும் என்பதால், உள்ளே நடப்பதை மனிதர்கள் பார்க்க நான்காவதாக ஒரு டியூப்.

கூட்டல்கூடத் தெரியாதாமே? கழித்தல் மட்டும் வெச்சு என்ன பண்ண முடியும்?

எல்லாம் பண்ணலாம், கொஞ்சம் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். கூட்டலுக்குத் தனிச் சுற்று வைத்தால் வால்வு செலவு, ஆகவே வைக்கவில்லை. நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கும்போதே குறி மாற்றி எடுக்கும், அப்புறம் கழிக்கும்.

5-உம் 7-உம் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். முதல் கட்டளை: 5-ஐ எடு, வருவது −5. இரண்டாவது: 7-ஐக் கழி, −12. மூன்றாவது: அதை ஒரு வரியில் எழுதி வை. நான்காவது: அதே வரியை மறுபடி எடு, குறி மாறி 12 வந்துவிடும். நாலு கட்டளைக்கு ஒரு கூட்டல். பெருக்கலும் வகுத்தலும் இப்படியே, மீண்டும் மீண்டும் கூட்டியும் கழித்தும்தான். கணக்கில் எதிர்மறை வந்தால் அடுத்த கட்டளையைத் தாண்டிப் போ என்று ஒரு கட்டளை இருந்தது, முடிவெடுக்கும் சாமர்த்தியம் மொத்தமும் அதில்தான்.

முதல் புரோகிராம் என்ன? ஏன் அதுக்குப் போய் 52 நிமிஷம்?

கில்பர்ன் எழுதியது, 17 கட்டளைகள். ஓர் எண்ணுக்கு, அதைத் தவிர்த்த மிகப்பெரிய வகுஎண் எது என்று கண்டுபிடிக்கும். வழி ரொம்ப முரட்டுத்தனம்: ஒன்று குறைத்து வகுத்துப் பார், மீதி வந்தால் இன்னும் ஒன்று குறை. 2-இன் 18-ஆம் அடுக்கான 2,62,144-ஐக் கொடுத்தபோது 52 நிமிடம் ஓடி 1,31,072 என்ற விடையைத் தந்தது.

பாதிதானே விடை, பள்ளிப் பிள்ளைக்கே தெரியுமே என்று சிரிப்பவர்கள் உண்டு. அதுதான் காரணமே! விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும், இயந்திரம் நீண்ட நேரம் ஓட வேண்டும், நடுவில் ஒரு பிட் தவறினாலும் அது காட்டிக் கொடுத்துவிட வேண்டும். 2,62,143-இலிருந்து இறங்கி 1,31,072-ஐத் தொட, அத்தனை எண்களையும் வகுத்துப் பார்த்தாக வேண்டும், அதாவது ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்துக்கும் மேல். வினாடிக்குச் சுமார் 42 எண்கள். மேலே சொன்ன நினைவகச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைப்பது கஷ்டம்.

கீபோர்டு கிடையாது, பிரிண்டர் கிடையாது. எப்படித்தான் எழுதுனாங்க, எப்படிப் படிச்சாங்க?

போர் முடிந்து மிஞ்சிய பாகங்கள் மலிவாகக் கிடைத்த காலம். 32 பொத்தான்கள், வரியைத் தேர்ந்தெடுக்கச் சில சுவிட்சுகள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்த பிட் 1 ஆக வேண்டுமோ அந்தப் பொத்தான்களை அழுத்த வேண்டும். அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று முழு நிரலையும் இப்படியே விரலால்.

விடையை அந்த நான்காவது டியூபில் கண்ணால் படிப்பார்கள். புள்ளி என்றால் 0, கோடு என்றால் 1. இதில் ஒரு வேடிக்கை, நாம் எழுதுவதற்குத் தலைகீழாக, சிறிய இடமதிப்பு இடப்பக்கம் இருக்கும். 6 என்ற எண் புள்ளி, கோடு, கோடு என்று தெரியும். 1,31,072 என்றால் 17 புள்ளிகள், ஒரே ஒரு கோடு, பிறகு 14 புள்ளிகள். தொடக்கத்தில் ஓட்டியபோதெல்லாம் புள்ளிகள் வெறிபிடித்து ஆடிவிட்டு எந்தப் பயனுமில்லாத இடத்தில் போய் நின்றன என்றும், ஒருநாள் ஆட்டம் நின்றபோது எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த விடை பளிச்சென்று இருந்தது என்றும் வில்லியம்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் டூரிங் கட்டினார்னுதான் நான் படிச்சேன்…

இல்லை. பேபி ஓடியபோது டூரிங் மான்செஸ்டரில் வேலையிலேயே இல்லை, அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் சேர்ந்தார். நிரல் சேமிப்புக் கணினி என்ற கருத்தில் அவர் பங்கு பெரியது, அதை மேலேயே சொல்லிவிட்டேன். லண்டனில் அவர் நடத்திய சொற்பொழிவுகளுக்கு கில்பர்ன் போய் வந்ததும் உண்மை. ஆனால் சாலிடரிங் இரும்பைப் பிடித்தவர்கள் வேறு.

சேர்ந்தபின் அவர் செய்தது நிரல் பக்கம். பயனர்களுக்குக் கையேடு எழுதினார், உயிரினங்களில் வடிவங்கள் எப்படி உருவாகின்றன என்ற கணக்குகளை அந்த இயந்திரத்தில் போட்டார். நோகாமல் சொல்வதென்றால், கையேடு படிப்பவரைப் படுத்தும். ஐந்து பிட்டுக்கு ஒரு தந்தி எழுத்து என்று வைத்து 32 அடிமான எண்களிலேயே நிரல் எழுதச் சொன்னார். அதில் பூஜ்யத்துக்குச் சாய்கோடு. பக்கம் பக்கமாகச் சாய்கோடுகளைப் பார்த்தவர்கள், மான்செஸ்டர் மழை ஜன்னலில் அடிப்பதுதான் காகிதத்திலும் இறங்கிவிட்டது என்று கிண்டலடித்தார்களாம்.

பேபி அப்புறம் என்ன ஆச்சு?

வளர்ந்தது. பிரித்துப் போடாமல், அதன்மேலேயே கூட்டிக் கூட்டி 1949-இல் மான்செஸ்டர் மார்க் 1 ஆக்கினார்கள். அந்த ஆண்டு ஜூனில் ஓரிரவு முழுக்க, மெர்சென் பகா எண்களை (2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1 கழித்தால் வரும் பகா எண்களை) தேடும் நிரல் ஒன்று ஒன்பது மணி நேரம் பிழையே இல்லாமல் ஓடியது. 52 நிமிடத்திலிருந்து ஓராண்டில் ஒன்பது மணி நேரம்!

இரண்டு புதுமைகள் முக்கியம். ஒன்று, சுழலும் காந்த உருளை: டியூப் சின்னது ஆனால் வேகம், உருளை மெதுவு ஆனால் பெரிது, மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது. இரண்டாவது 'பி டியூப்'. வரிசையாக நூறு எண்களைக் கூட்ட வேண்டுமென்றால் அதுவரை நிரல் தன் கட்டளைகளின் முகவரியைத் தானே திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். பி டியூபில் இருக்கும் எண்ணை முகவரியோடு தானாகக் கூட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டதால் அந்தத் தலைவலி போனது. இன்றைய பிராசசர்களிலும் இந்த ஏற்பாடு உண்டு.

யுனிவர்சிட்டி சாமான் கடைக்கு எப்படி வந்துச்சு?

அரசாங்கம் தள்ளிவிட்டது. 1948 அக்டோபரில் அரசின் தலைமை விஞ்ஞானி பென் லாக்ஸ்பைசர் இயந்திரத்தைப் பார்த்தார். அதே மாதம் உள்ளூர் நிறுவனமான ஃபெரான்டிக்கு, பேராசிரியர் வில்லியம்ஸ் சொல்லும்படி ஒரு கணினி கட்டிக் கொடுங்கள் என்று கடிதம் போய்விட்டது. சில பத்திகளே உள்ள கடிதம். இன்று அதே வேலைக்கு எத்தனை டெண்டர், எத்தனை கமிட்டி என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் ஃபெரான்டி மார்க் 1 பல்கலைக்கழகத்துக்கே 1951 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் யுனிவாக் அதன் முதல் வாடிக்கையாளருக்குக் கைமாறியது மார்ச்சில். இரண்டாவது மார்க் 1 கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குப் போனது.

கணக்கு மட்டும்தான் போட்டாங்களா?

எங்கே! 1951-இல் டீட்ரிச் பிரின்ஸ் இரண்டு நகர்வில் மேட் வைக்கும் சதுரங்கப் புதிர்களைத் தீர்க்கும் நிரல் எழுதினார். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி டிராஃப்ட்ஸ் என்ற பலகை விளையாட்டை ஆட வைத்தார், அதோடு நிற்காமல் காதல் கடிதம் எழுதவும் வைத்தார். சொற்களைக் குலுக்கி எடுத்துக் கோத்த கடிதங்கள்தான். குலுக்கல் எண் தருவதற்கென்றே அந்த இயந்திரத்தில், டூரிங்கின் யோசனைப்படி, ஒரு கட்டளை இருந்தது. ஆபரேட்டரைக் கூப்பிட ஒலி எழுப்பும் கட்டளையை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓட்டி இசையும் எழுப்பினார்கள், 1951-இல் பிபிசி அதைப் பதிவும் செய்தது.

பொண்ணுங்க யாருமே இல்லையா இந்தக் கதையில?

இருந்தார்கள். சிசிலி பாப்பிள்வெல், ஆட்ரி பேட்ஸ் இருவரும் பல்கலைக்கழகத்தில் டூரிங்கின் பக்கத்திலிருந்து நிரல் எழுதியவர்கள். ஃபெரான்டியில் மேரி லீ வுட்ஸ் இருந்தார், பெண் நிரலாளர்களுக்கும் சம சம்பளம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். அங்கேயே வேலை பார்த்த கான்வே பெர்னர்ஸ்-லீயை மணந்தார். அவர்கள் மகன்தான் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ.

டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டரும் இங்கதான் முதல்னு சொல்றாங்களே?

1953 நவம்பரில் ரிச்சர்ட் கிரிம்ஸ்டேலும் டக்ளஸ் வெப்பும் வால்வின் வேலையைச் செய்யும் சிறிய பாகங்களான டிரான்சிஸ்டர்கள் 92-ஐ வைத்து ஒரு கணினியை ஓட்டினார்கள். ஓடிய முதல் டிரான்சிஸ்டர் கணினி என்று அதைச் சொல்வது சரி. ஆனால் சில இடங்களில் வால்வு இருந்தது, ஆகவே முழுக்க முழுக்க டிரான்சிஸ்டர் என்று சொல்ல முடியாது.

அட்லஸ்னு ஒண்ணு… அதுல என்ன விசேஷம்?

கில்பர்ன் தலைமையில், ஃபெரான்டியோடு சேர்ந்து கட்டி 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கி வைத்த இயந்திரம். அந்நாளில் உலகின் அதிவேகக் கணினிகளில் ஒன்று. எனக்கு முக்கியம் வேகம் அல்ல. மார்க் 1 பதிலில் பார்த்த டியூப்-உருளை ஜோடி ஞாபகம் இருக்கிறதா? எதை எப்போது உருளையிலிருந்து கொண்டுவருவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று நிரல் எழுதுபவரே கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் நேரத்தில் பாதியை அதில் தொலைத்தார்கள்.

அட்லஸில் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். நிரலுக்கு எல்லாமே ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும். கேட்ட பக்கம் வேக நினைவகத்தில் இல்லையென்றால் இயந்திரமே உருளையிலிருந்து இழுத்துவரும், இடம் போதாவிட்டால் சீக்கிரம் தேவைப்படாது என்று தோன்றும் பக்கத்தை வெளியே தள்ளும். உங்கள் லேப்டாப்பில் மெய்நிகர் நினைவகம் என்று இப்போது நடப்பது இதுவே.

எனியாக்கையும் 1948 ஏப்ரல்ல மாத்திட்டாங்களாமே? அப்போ பேபி ரெண்டாவதுதானே?

கேட்பவர் விஷயம் தெரிந்தவர். எனியாக்கில் கம்பி மாற்றாமல், எண்ணாகக் குறித்த கட்டளைகளை ஓட்டும்படி அந்த ஆண்டு வசந்தத்தில் மாற்றினார்கள், பேபிக்கு முன்பே அதில் உண்மையான, பெரிய கணக்குகளும் ஓடின. ஆனால் அந்தக் கட்டளைகள் இருந்தது கையால் திருப்பி வைக்கும் சுவிட்ச் பலகைகளில். இயந்திரம் அவற்றைப் படிக்கலாம், எழுத முடியாது. பேபியில் நிரலும் எண்ணும் ஒரே டியூபில், இரண்டையும் இயந்திரமே மாற்றலாம்.

ஆகவே, 'நிரலை எண்ணாக வைத்து ஓட்டிய முதல்' என்றால் எனியாக்குக்கு வலுவான வாதம் உண்டு. 'எழுதி அழிக்கும் மின்னணு நினைவகத்தில் நிரலை வைத்த முதல்' என்றால் பேபி. 'பயனர்கள் அன்றாடம் பயன்படுத்திய முழுமையான முதல்' என்று கேட்டால் எட்சாக் ரசிகர்கள் கை தூக்குவார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அடைமொழி இல்லாமல் 'உலகின் முதல் கணினி' என்று யாராவது எழுதினால் நான் அங்கேயே சந்தேகப்படுவேன்.

ஒரிஜினல் பேபியை இப்போ பார்க்க முடியுமா?

முடியாது. பேபி மார்க் 1-க்குள் கரைந்தது, மார்க் 1-ஐ 1950-இல் பிரித்துவிட்டார்கள். பொன்விழாவுக்காக கிறிஸ் பர்ட்டன் தலைமையில் ஒரு குழு, பழைய புகைப்படங்கள், குறிப்பேடுகள், உயிரோடிருந்தவர்களின் ஞாபகம் இவற்றை வைத்து அதே மாதிரி ஒன்றைக் கட்டி 1998 ஜூன் 21 அன்று ஓட்டியது. முதல் நாள் ஓடிய நிரலின் பிரதி கிடைக்கவில்லை. டூட்டிலின் குறிப்பேட்டில் 1948 ஜூலை 18 தேதியிட்ட திருத்திய வடிவம்தான் கையில் இருப்பது. அந்த மறுவடிவம் மான்செஸ்டர் அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள், தன்னார்வலர்கள் அதை ஓட்டிக் காட்டும் நாள் எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். நின்றுகொண்டிருக்கும்போது அது வெறும் இரும்பு ரேக், ஓடும்போதுதான் புள்ளிகள் ஆடும்.